யார் இந்த முத்துப்பட்டன்? புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயிலில் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பது ஏன்?

கோயில் என்றாலே வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். திருநெல்வேலி மாவட்டம் காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஒரு சன்னிதிக்கு மட்டும் செருப்போடு போகிறார்கள். காலில் அல்ல, கையில். புதுச் செருப்பு வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டவராயன் சன்னிதியில் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். சும்மா ஒரு ஜோடி இல்லை. ஆடி அமாவாசை சமயத்தில் போனால் அங்கே செருப்புகள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ரீல்ஸில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு அருவி இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தச் செருப்புக்குப் பின்னால் ஒரு மனிதனின் வாழ்க்கை இருக்கிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, காதலுக்காகப் பூணூலைக் கழற்றி, செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டு, கல்யாண ராத்திரியே மாட்டைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட மனிதன். பெயர் முத்துப்பட்டன். சாமியான பிறகு பட்டவராயன்.

கதை எங்கே இருக்கிறது?

முத்துப்பட்டனின் வாழ்க்கை முழுக்க முழுக்க வில்லுப்பாட்டில்தான் இருக்கிறது. வில், குடம், உடுக்கை, தாளம் சகிதம் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் ராத்திரி முழுக்கப் பாடப்படும் கதைப்பாடல் அது. கதையில் வரும் ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். சிங்கம்பட்டி, ஊத்துமலை, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டாரக்கரை. அதாவது, தாமிரபரணிக் கரையில் பாளையக்காரர்களும் மேற்கே மலையாள அரசர்களும் ஆண்ட காலம். மாடுதான் அன்றைக்கு ஏடிஎம், பிக்சட் டெபாசிட் எல்லாம். மாட்டுக்குக் காவல் இருப்பது ஒரு தொழில். அந்த மாட்டை ராத்திரியில் வந்து ஓட்டிக்கொண்டு போவதும் ஒரு தொழில்.

பாடகருக்குப் பாடகர் சில்லறை விவரங்கள் மாறும். எலும்புக்கூடு மாறாது.

பிராமணக் குடும்பம் ஒன்றில் ஏழு அண்ணன் தம்பிகள். கடைக்குட்டி முத்துப்பட்டன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். மலையைத் தாண்டி கொட்டாரக்கரை போய், அங்கே அரசனிடம் வேலைக்குச் சேர்கிறார். சில வருஷங்கள் ஓடுகின்றன. அண்ணன்மார் தேடிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வா, கல்யாணம் செய்துவைக்கிறோம் என்று சமாதானம் பேசி அழைத்துப் போகிறார்கள். திரும்பி வரும் வழி மலைக்காடு. அண்ணன்மார் ஓரிடத்தில் தங்க, தண்ணீர் தேடித் தனியாக நடந்த தம்பியின் காதில் பாட்டுச் சத்தம் விழுகிறது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகள்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் அல்ல. அப்பா பெயர் வாலப்பகடை. பகடை என்பது இன்று அருந்ததியர் என்றும், கதைப்பாடலில் சக்கிலியர் என்றும் அழைக்கப்படும் சமூகத்தின் பட்டப்பெயர். தெலுங்கு பேசும், தோல் தொழில் செய்த, சாதி அடுக்கில் ஆகக் கீழே தள்ளப்பட்டிருந்த மக்கள். வாலப்பகடை அந்தக் காட்டில் மாட்டுக்கிடைக்குக் காவல்காரர்.

முத்துப்பட்டன் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுகிறார். ஆனால் அந்தப் பெண்களுக்கு அது காதல் காட்சி இல்லை. நடுக்காட்டில் அறிமுகமில்லாத மேல்சாதி ஆண் ஒருவன் பின்னால் வருகிறான் என்றால் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றுகிறது. பயந்து ஓடி அப்பாவிடம் சொல்கிறார்கள். வாலப்பகடை ஆயுதத்தோடு வருகிறார். வெட்ட வந்தவரிடம் முத்துப்பட்டன் பெண் கேட்கிறார், அதுவும் இரண்டு பேரையும். (கதையின் இந்தப் பகுதி இன்றைய கண்ணுக்கு நெருடத்தான் செய்யும். அந்தக் காலத்தில் அது வழக்கத்தில் இருந்தது.)

மாமனார் வைத்த தேர்வு

தமிழ்க் கதைப்பாடல்களில் இதுபோல இன்னொரு இடம் இல்லை என்றே சொல்லலாம். பிராமணப் பையன் பெண் கேட்கிறான் என்று வாலப்பகடை பூரித்துப்போகவில்லை. தங்கள் சாதி என்ன, சாப்பாடு என்ன, தொழில் என்ன என்று ஒன்று விடாமல் சொல்கிறார். அதன் பிறகும் பையன் பின்வாங்கவில்லை என்றதும் நிபந்தனை போடுகிறார். குடுமியை எடுக்க வேண்டும். பூணூலை அறுக்க வேண்டும். தோல் தொழில் கற்று, செருப்பு தைத்து, அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிறகுதான் கல்யாணப் பேச்சு.

சாதி மாறிக் காதலிக்கும் கதைகளில் வழக்கமாக என்ன நடக்கும்? கீழே இருப்பவரை மேலே தூக்கிவிடுவதுபோலக் கதையை முடிப்பார்கள். அல்லது இருவரும் ஊரைவிட்டு ஓடுவார்கள். இங்கே மேலே இருப்பவர் இறங்கிவர வேண்டும். அதுவும் வாய்வார்த்தையில் இல்லை, கைத்தொழிலில். நிபந்தனை போடும் அதிகாரம் பெண்ணைப் பெற்றவரிடம் இருக்கிறது.

விஷயம் அண்ணன்மாருக்குத் தெரிகிறது. புத்திமதி சொல்லிப் பார்க்கிறார்கள், கேட்கவில்லை. கல்லறைக்குள் அடைத்துப் போட்டார்கள் என்று கதை சொல்கிறது. சாதி கெடுவதைவிடத் தம்பி செத்துப்போகட்டும் என்ற முடிவு அது. அந்த மனநிலைக்கு இன்றைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆணவக்கொலை. முத்துப்பட்டன் தப்பித்து வருகிறார். குடுமியும் பூணூலும் போகின்றன. செருப்பு தைக்கிறார். மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார். கல்யாணம் நடக்கிறது.

கல்யாண ராத்திரி. ஊத்துமலைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து மாட்டுக்கிடையை வளைத்துவிட்டது என்று செய்தி வருகிறது. காவல் பொறுப்பு மாமனாருடையது. இப்போது மருமகனுடையதும்தான். மனைவிகள் தடுக்கிறார்கள், கேட்காமல் போகிறார். நாயும் கூடப் போகிறது. சண்டையில் முத்துப்பட்டன் ஜெயித்துவிடுகிறார். ரத்தக் கறையைக் கழுவ ஓடையில் குனிந்தபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். கதை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து உணர்த்துவது அந்த நாய்தான்.

பொம்மக்காவும் திம்மக்காவும் காட்டுக்குள் ஓடி உடலைக் கண்டுபிடிக்கிறார்கள். அவரோடு தீயில் இறங்க முடிவு செய்து, சிங்கம்பட்டி அதிபதியிடம் அனுமதி கேட்கப் போகிறார்கள். அனுமதி கிடைக்கிறது. இறங்குகிறார்கள். உடன்கட்டையைக் கதைப்பாடல் கற்பின் பெருமையாகப் பாடுகிறது. இரண்டு இளம்பெண்கள் ஒரே நாளில் மணப்பெண்ணாகி, விதவையாகி, தீயில் முடிந்துபோனார்கள் என்பதை அந்தப் பெருமைக்குள் மறைத்துவிட முடியாது. உடன்கட்டையைச் சட்டம் தடுத்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. சென்னை மாகாணத்தில் 1830-ல்தான்.

அகாலமாக, அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கி வணங்குவது தென்மாவட்ட வழக்கம். பயமும் குற்ற உணர்ச்சியும் பாசமும் கலந்த வழிபாடு அது. முத்துப்பட்டன் சொரிமுத்து அய்யனாரின் பரிவாரத்தில் பட்டவராயனாக இடம்பிடித்தார். இரண்டு மனைவிகளும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். சாமியான பிறகும் அவர் காட்டில் ராத்திரிக் காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. அதற்குத்தான் செருப்பு. இந்த வருஷம் கொடுத்த செருப்பை அடுத்த வருஷம் பார்த்தால், நடந்து தேய்ந்ததுபோல இருக்கும் என்று பக்தர்கள் சொல்வார்கள்.

கதையை மாற்றியது யார்?

வில்லுப்பாட்டிலேயே விட்டிருந்தால் இந்தக் கதை மெல்ல வேறு உருவத்துக்கு மாறிப் போயிருக்கும். மாற்றும் வேலை நடக்கத்தான் செய்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் வாலப்பகடைக்குப் பிறந்தவர்களே அல்ல, காட்டில் கிடந்த பிராமணக் குழந்தைகள், அவர் எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான் என்று ஒரு வடிவம் பின்னால் முளைத்தது. ஒரே ஒரு திருத்தம். அதில் மொத்தக் கதையும் தலைகீழாகிவிடுகிறது. பிராமணன் பிராமணப் பெண்களைக் கட்டிக்கொண்டான் என்றால் அப்புறம் எதற்கு குடுமியை எடுத்தான், எதற்குச் செருப்பு தைத்தான்?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நா. வானமாமலை. 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். பொதுவுடைமையாளர், நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர், தமிழ் நாட்டார் வழக்காற்றியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பழைய வடிவத்தில் சகோதரிகள் வாலப்பகடையின் சொந்தப் பெண்கள்தான் என்பதையும், பிறப்பை மாற்றியது சாதி மீறலை மழுப்புவதற்கான பிற்சேர்க்கை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இந்த டெக்னிக் புதுசு இல்லை. மதுரை வீரன் கதையிலும் இதுதான் நடந்தது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த வீரன், பிறப்பால் அரச குமாரன் என்று ஆக்கப்பட்டான். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு நாயகன் கீழ்ச்சாதியில் பிறந்திருக்கவே முடியாது என்ற பிடிவாதம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த இரண்டு கதைகளும் போதும்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேல்சாதிப் பெண்ணைத் தொட்ட மதுரை வீரனை அரசாங்கமே மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்கிறது. கீழ்ச்சாதிப் பெண்களைக் கட்டிய முத்துப்பட்டனை ஊர் கொல்லவில்லை. திருடர்களோடு சண்டை போட்டு வீரனாகச் சாகிறார். சாதி மீறலுக்கும் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறியது.

காட்டுக்குள் ஒரு கோயில்

இப்போது அந்த இடத்துக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் பாபநாசம். அங்கே வனத்துறை செக்போஸ்ட். அதைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால், தாமிரபரணிக் கரையில் கோயில். 143 அடி உயரக் காரையாறு அணை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பொதிகை மலையில் பிறக்கும் ஆறு சமவெளியைத் தொடுவதற்கு முன்னால் கடக்கும் காட்டுப் பகுதி இது.

சொரிமுத்து அய்யனார்தான் எல்லா அய்யனார்களுக்கும் மூலம் என்று தென்மாவட்ட மக்கள் நம்புகிறார்கள். இங்கிருந்து பிடிமண் எடுத்துப்போய் ஊரில் சாஸ்தா கோயில் கட்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அய்யனாரோடு சங்கிலி பூதத்தார், தளவாய் மாடசாமி, தூசி மாடன், பிரம்மராட்சசி, பேச்சியம்மன் என்று ஒரு பெரிய பரிவாரமே இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் பரம்பரை அறங்காவலர். ஆடி அமாவாசை அன்று ஜமீன்தார் ராஜ உடையில் அமர்ந்து பக்தர்களுக்குக் காட்சி தருவது திருவிழாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. அப்படி அமர்ந்த கடைசி ராஜா, முருகதாஸ் தீர்த்தபதி, 2020 மே மாதம் காலமானார். பொம்மக்காவும் திம்மக்காவும் அனுமதி கேட்டுப்போன அதே சிங்கம்பட்டி!

இந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அந்த ஜமீனுடையது. 1929-ல் அதிலிருந்து எண்ணாயிரத்துச் சொச்சம் ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்துக்கு விட்டார்கள். அதுதான் மாஞ்சோலை எஸ்டேட். குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் மலையைவிட்டு இறங்க வேண்டிய நிலை வந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இந்த மலையில் யார் இருக்கலாம், யார் வந்துபோகலாம் என்ற கேள்வி ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

அரசின் கணக்கில் இது முண்டந்துறை. 1962-ல் புலிகள் சரணாலயமானது. பக்கத்தில் களக்காடு 1976-ல் சரணாலயமானது. 1988-ல் இரண்டையும் சேர்த்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். சுமார் 895 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலி, யானை, சிங்கவால் குரங்கு எல்லாம் இருக்கும் காடு. தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் காடு. காணிப் பழங்குடியினர் சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு போன்ற குடியிருப்புகளில் வாழும் காடு. அதற்கு நடுவில்தான் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்து இறங்குகிறார்கள்.

சுற்றுலாவா, சாமி கும்பிடவா?

இரண்டும்தான். பிரிக்கவே முடியாது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டு வருகிறார்கள். ஆற்றில் குளியல், கிடா வெட்டு, உறவினர் கூட்டம், குழந்தைக்கு மொட்டை எல்லாம் ஒரே பயணத்தில் முடிகிறது. முன்பெல்லாம் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுப் பத்து நாளுக்கு மேல்கூடக் காட்டிலேயே தங்குவார்கள். சமைப்பதற்கு விறகு காட்டிலிருந்துதான். கழிப்பிடம் ஆற்றங்கரைதான். திருவிழா முடிந்ததும் பிளாஸ்டிக் பை, பாட்டில், துணி எல்லாம் அங்கேயே கிடக்கும். பரிகாரம் என்று கட்டிய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தால் பாபநாசத்தில் தாமிரபரணி படும் பாடு தனிக் கதை.

அதனால் கட்டுப்பாடுகள் வந்தன. சமீப ஆண்டுகளில் திருவிழா நாட்களில் தனியார் வாகனங்களுக்குத் தடை. அகஸ்தியர்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். குடில் போட்டுத் தங்க சில நாட்களுக்கு மட்டுமே அனுமதி. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் பகலில் போய்விட்டு பகலிலேயே இறங்கிவிட வேண்டும். பக்தர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. எங்க சாமிக்கு நாங்க எத்தனை நாள் இருக்கணும்னு இவங்க யார் சொல்றதுக்கு என்ற கோபம் வருஷா வருஷம் வெளிப்படுகிறது. அந்தக் கோபம் நியாயமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வருவது காப்பகம் அறிவிக்கப்படுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து. அதே சமயம், தாத்தா காலத்தில் மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் எத்தனை பேர், இன்றைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறு அதே ஆறுதான். கரை அதே அகலம்தான்.

உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காப்பது இந்தக் காப்பகத்துக்குப் புதிது அல்ல. 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. மலையடிவாரக் கிராமங்களில் வனக்குழு அமைத்து, விறகுக்குப் பதில் வேறு எரிபொருள், காட்டை நம்பாத தொழிலுக்குக் கடன் என்று கொடுத்தார்கள். தலைச்சுமை விறகோடு காட்டிலிருந்து இறங்கிய பெண்கள் கறவை மாடு வாங்கியதும் பெட்டிக்கடை வைத்ததும் அந்த வழியில்தான். கோயில் கூட்டத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் முழுதாக அமையவில்லை. லட்சம் பேர் வந்துபோகும் ஒரு திருவிழாவில் காணிகளுக்கும் அடிவாரத்துக் கிராமங்களுக்கும் வருமானத்தில் என்ன பங்கு, முடிவெடுப்பதில் என்ன பங்கு என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆப்பிரிக்காவில் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். நமீபியா 1996-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கிராம மக்கள் சேர்ந்து தங்கள் நிலத்தைக் காப்பு வட்டாரமாகப் பதிவு செய்துகொண்டால், அங்கே இருக்கும் காட்டு விலங்குகள் மீதும் அதைப் பார்க்க வரும் சுற்றுலா வருமானத்தின் மீதும் அவர்களுக்கு உரிமை. காட்டு யானை தொல்லை என்ற நிலையிலிருந்து, காட்டு யானை சம்பாத்தியம் என்ற நிலைக்குப் பல ஊர்கள் நகர்ந்தன.

காரையாறுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நைஜீரியாவின் ஒசோக்போ. அங்கே ஒசுன் என்ற ஆற்றுத் தெய்வத்துக்குச் சுமார் 75 ஹெக்டேரில் ஒரு புனிதக் காடு. ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் திருவிழா. ஆமாம், கிட்டத்தட்ட நம் ஆடி மாசம்தான்! யொருபா மக்களோடு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் குவிகிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாமி இருந்ததால் காடு பிழைத்தது, காடு இருந்ததால் ஊருக்கு வருமானம் வந்தது. ஆனால் மேல்பகுதியில் தங்கம் தோண்டியதில் ஆறு கலங்கி, புனித நீரைக் குடிக்காதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டி வந்தது. கோயிலை மட்டும் காப்பாற்றினால் போதாது, ஆறு வரும் வழியையும் பார்க்க வேண்டும் என்று தாமிரபரணிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

திருவிழா நெரிசல் வேண்டாம் என்றால் தை அமாவாசையையும் தவிர்த்துவிட்டு ஒரு சாதாரண வார நாளில் போகலாம். காலையில் கிளம்பினால் கோயிலைப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கலாம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. செருப்புக் காணிக்கை கொடுப்பதாக இருந்தால் அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் கவரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் பழக்கம், கவர் இல்லை.

பட்டவராயன் சன்னிதி முன்னால் நின்றால் நடுவில் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். பக்கத்தில் இருக்கும் இரண்டு பெண்களின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய அப்பா வாலப்பகடையின் பெயரும்தான். யூடியூபில் இந்தக் கோயிலைப் பற்றி வரும் வீடியோக்களில் பிராமண இளைஞர், காட்டுப் பெண்கள், வீர மரணம் என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். சாதி பற்றிப் பேச்சே வராது. பூணூலைக் கழற்றியது வரும், எதற்காகக் கழற்றினார் என்பது வராது. வானமாமலை பதிப்பு வந்து 50 வருஷம் தாண்டியும் அந்தப் பழைய மழுப்பல் ஓயவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை விடாமல் பாட ஒரு முழு ராத்திரி வேண்டும். கல்யாணம் ஒரு கட்டம், படுகளம் ஒரு கட்டம் என்று பாடகர் நேரம் எடுத்துத்தான் கொண்டுபோவார். தங்கும் நாட்கள் குறையக் குறைய, கதையைச் சுருக்கிப் பாடச் சொல்லும் அவசரம் கூடும். புலிக்கு ராத்திரி அமைதி வேண்டும் என்பதும் சரிதான். முழுக் கதையையும் கேட்க ஆசைப்படுகிறவர்கள் காரையாறு வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிமண் எடுத்துவந்து பட்டவராயனுக்குப் பீடம் போட்ட சாஸ்தா கோயில்கள் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஊர்களில் இருக்கின்றன. அங்கே கொடை நடக்கும் ராத்திரியில் வில்லடிக்க ஆள் வந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். மாடு களவுபோன சேதி வரும் கட்டத்துக்கு வர எப்படியும் நடுச்சாமம் ஆகிவிடும்.